மாற்று உலாவியும் புதிய இயங்குதளமும்: நெட்ஸ்கேப் முதல் பயர்பாக்ஸ் வரை (1995–2022)

ஆய்வுச் சுருக்கம்

ஓர் இயங்குதளத்தின் புதிய பதிப்பு வெளிவரும்போதெல்லாம், அதன் உரிமையாளரல்லாத பிறர் உருவாக்கிய இணைய உலாவிகள் அப்புதிய சூழலுக்கு ஏற்பத் தம்மைத் தகவமைத்துக்கொள்ள வேண்டியுள்ளது. இத்தகவமைப்பு பெரும்பாலும் நிரலாளர்களின் திறனைப் பொறுத்த தொழில்நுட்பப் பணியாகவே கருதப்படுகிறது. விண்டோஸ் 95, விண்டோஸ் 98, விண்டோஸ் 8, விண்டோஸ் 10, விண்டோஸ் 11 ஆகிய பதிப்புகளின் வருகையின்போது நெட்ஸ்கேப் நேவிகேட்டரும் மொசில்லா பயர்பாக்ஸும் எதிர்கொண்ட நிலைமைகளை இக்கட்டுரை வரலாற்று முறையில் ஆராய்கிறது. இடைமுக அறிவு, இயங்கும் இடம், பயனரின் தெரிவு ஆகிய மூன்றும் இயங்குதள உரிமையாளரின் கட்டுப்பாட்டில் இருந்தமையே தகவமைப்பின் வேகத்தையும் பயனையும் தீர்மானித்தது என்பது இக்கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: உலாவி, இயங்குதளம், நிரல் இடைமுகம், நெட்ஸ்கேப், பயர்பாக்ஸ், விண்டோஸ், தமிழ் எழுத்துரு, போட்டிச் சட்டம்.

முன்னுரை

உலாவி தனித்து இயங்கும் மென்பொருள் அன்று. திரையில் எழுத்தை வரைதல், பிணையத்தோடு இணைதல், கோப்புகளைச் சேமித்தல், பிற மென்பொருள்களிலிருந்து வரும் இணைப்புகளைத் திறத்தல் ஆகிய ஒவ்வொன்றுக்கும் அது இயங்குதளத்தின் உதவியை நாடுகிறது. இவ்வுதவியைப் பெறும் வாயில்களே நிரல் இடைமுகங்கள் எனப்படுகின்றன. இயங்குதளம் மாறும்போது வாயில்களும் மாறுகின்றன. சில மூடப்படுகின்றன, சில புதிதாகத் திறக்கின்றன, சிலவற்றுக்குப் புதிய நிபந்தனைகள் விதிக்கப்படுகின்றன.

இயங்குதளத்தை ஆக்குபவரே உலாவியையும் ஆக்கும்போது இம்மாற்றம் இரு தரப்பினரையும் ஒரே வகையில் பாதிப்பதில்லை. ஒருவர் வாயில்களை வடிவமைப்பவராகவும் மற்றவர் அவை அறிவிக்கப்படும் வரை காத்திருப்பவராகவும் அமைகின்றனர். 1990களின் நடுப்பகுதியிலிருந்து விண்டோஸ் இயங்குதளத்தில் இந்த ஏற்றத்தாழ்வு பலமுறை வெளிப்பட்டுள்ளது. நீதிமன்றத் தீர்ப்புகள், ஒழுங்குமுறை அமைப்புகளின் முடிவுகள், நிறுவனங்களின் பொது அறிவிப்புகள் ஆகியவற்றில் இது பதிவாகியும் உள்ளது. அவற்றின் அடிப்படையில் விண்டோஸ் இயங்குதளத்தை மட்டும் எல்லையாகக் கொண்டு இக்கட்டுரை அமைகிறது.

1. விண்டோஸ் 95உம் நெட்ஸ்கேப்பும்: காலத்தின் விலை

1994 ஏப்ரலில் தொடங்கப்பட்ட நெட்ஸ்கேப் நிறுவனம் அவ்வாண்டு டிசம்பரில் நேவிகேட்டர் உலாவியின் முதல் பதிப்பை வெளியிட்டது. சில மாதங்களுக்குள் அது மிகுதியாகப் பயன்படுத்தப்படும் உலாவியாயிற்று. விண்டோஸ் 3.1, மெக்கின்டோஷ், யூனிக்ஸ் எனப் பல சூழல்களில் ஒரே தோற்றத்தோடு அது இயங்கியது. இணையப் பயன்பாடுகள் இயங்குதளத்தைச் சாராமல் உலாவியின்மேல் எழுதப்படும் நாள் வரக்கூடும் என்ற எதிர்பார்ப்பு இதனால் எழுந்தது. அத்தகைய நாள் வந்தால் இயங்குதளத்தின் முதன்மை குறையும் என்பதை மைக்ரோசாப்ட் உணர்ந்திருந்தது. 1995 மே 26 அன்று பில் கேட்ஸ் தம் நிறுவனத்தாருக்கு அனுப்பிய குறிப்பாணை, இணையத்தைப் பேரலையாக உருவகித்து, அதனை நிறுவனத்தின் தலையாய கவனத்துக்குரியதாக அறிவித்தது.

1995 ஆகஸ்டு 24 விண்டோஸ் 95 வெளியாகவிருந்த நாள். அதற்கு இரண்டு மாதங்கள் முன்னதாக, ஜூன் 21 அன்று, இரு நிறுவனங்களின் பொறுப்பாளர்களும் சந்தித்தனர். இச்சந்திப்பைப் பற்றி அமெரிக்க மாவட்ட நீதிமன்ற நீதிபதி தாமஸ் பென்ஃபீல்டு ஜாக்சன் 1999 நவம்பர் 5 அன்று வெளியிட்ட நிகழ்வு முடிவுகளில் விரிவான விளக்கம் உள்ளது. பிற இயங்குதளங்களுக்கு நேவிகேட்டரைத் தொடர்ந்து வழங்கலாம். விண்டோஸ் 95இல் பிற நிரல்கள் சார்ந்து நிற்கும் அடித்தளமாக அதனை வளர்க்கக் கூடாது என்பதே மைக்ரோசாப்ட் முன்வைத்த ஏற்பாட்டின் சாரம் என நீதிமன்றம் கண்டது.

அச்சந்திப்பில் நெட்ஸ்கேப் கேட்டவற்றுள் முதன்மையானது தொலைப் பிணைய அணுகலுக்கான நிரல் இடைமுகம். அக்காலத்தில் வீட்டுக் கணினிகள் மோடம் வழியாகத் தொலைபேசி இணைப்பின் மூலமே இணையத்தை அடைந்தன. விண்டோஸ் 95 இவ்வழைப்பு வசதியைத் தன்னுள்ளேயே கொண்டிருந்தது. நேவிகேட்டர் அதனோடு இசைந்து இயங்க வேண்டுமாயின் அந்த இடைமுகத்தின் விவரம் தேவைப்பட்டது. சந்திப்பு எவ்வாறு முடிகிறதோ அதற்கேற்ப அவ்விவரம் உடனே கிடைக்கலாம் அல்லது மூன்று மாதம் கழித்துக் கிடைக்கலாம் என்று மைக்ரோசாப்டின் பிரதிநிதி ஒருவர் கூறியதாக நீதிமன்றம் பதிவுசெய்கிறது. நெட்ஸ்கேப் அவ்வேற்பாட்டுக்கு உடன்படவில்லை. அதன் பொறுப்பாளர்கள் பல வாரங்கள் தொடர்ந்து கேட்டும், அக்டோபர் இறுதியில்தான் விவரம் அவர்களை வந்தடைந்தது.

இத்தாமதத்தின் விளைவையும் நீதிமன்றம் குறிப்பிட்டது. விண்டோஸ் 95க்கான நேவிகேட்டர், இயங்குதளம் வெளியாகி நெடுநாள் கழிந்த பின்னரே வர நேர்ந்தது. ஆண்டிறுதிப் பண்டிகைக் கால விற்பனையின் பெரும்பகுதியை நெட்ஸ்கேப் இழந்தது. இதே வேளையில், ஸ்பைகிளாஸ் நிறுவனத்திடமிருந்து உரிமம் பெற்ற மொசைக் நிரலை அடிப்படையாகக் கொண்ட இன்டர்நெட் எக்ஸ்புளோரர், கணினி உற்பத்தியாளர்களுக்கு வழங்கப்பட்ட விண்டோஸ் 95 தொகுப்புடன் சேர்ந்தே பயனர்களைச் சென்றடைந்தது.

அடுத்த ஆண்டிலும் இத்தகைய நிகழ்வு ஒன்று நடந்தது. சில இணையச் சேவை வழங்குநர்களின் தொலைபேசி இணைப்போடு நேவிகேட்டர் இயைந்து செயற்பட மைக்ரோசாப்டின் கருவி ஒன்று தேவைப்பட்டது. கேட்ட சேவை வழங்குநர்களுக்கெல்லாம் அக்கருவி தாராளமாக உரிமமளிக்கப்பட்டிருந்தது. 1996 ஜூலை நடுவில் நெட்ஸ்கேப்புக்கான ஒப்பந்தமும் கையெழுத்து ஒன்றையே எதிர்நோக்கியிருந்தது. ஆகஸ்டு நடுவிலோ, இரு நிறுவனங்களுக்கும் இடையே நிலுவையிலுள்ள எல்லாச் சிக்கல்களும் தீர்ந்தால்தான் உரிமம் என்ற பதில் வந்தது. உரிமம் கிடைக்கவே இல்லை.

இவ்விரு நிகழ்வுகளிலும் நெட்ஸ்கேப்புக்குத் தேவைப்பட்டவை ஏற்கெனவே உருவாக்கப்பட்டிருந்தவை. அவற்றைத் தருவதற்குப் புதிய கண்டுபிடிப்பு எதுவும் வேண்டியிருக்கவில்லை. எனவே, இங்குத் தகவமைப்பைத் தடுத்தது அறிவின்மை அன்று. அறிவு பகிரப்படும் காலத்தை ஒரு தரப்பு மட்டுமே தீர்மானித்தமை என்று கொள்ளலாம்.

2. விண்டோஸ் 98உம் நீதிமன்றமும்

1998 மே 18 அன்று அமெரிக்க நீதித்துறையும் பல மாநிலங்களும் மைக்ரோசாப்டுக்கு எதிராக வழக்குத் தொடுத்தன. அடுத்த மாதம் 25ஆம் நாள் விண்டோஸ் 98 வெளியாயிற்று. அதில் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் இயங்குதளத்தோடு பின்னப்பட்டிருந்தது. பயனர் நேவிகேட்டரை இயல்புநிலை உலாவியாகத் தேர்ந்திருந்தாலும், உதவிப் பக்கங்கள் போன்ற சில இடங்களில் இன்டர்நெட் எக்ஸ்புளோரரே திறந்தது.

2001 ஜூன் 28 அன்று கொலம்பியா வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு இவ்விடத்தில் நுணுகி நோக்கத்தக்கது. நிறுவிய மென்பொருள்களை நீக்கும் பட்டியலிலிருந்து இன்டர்நெட் எக்ஸ்புளோரரை விலக்கியதும், உலாவி நிரலையும் இயங்குதள நிரலையும் ஒரே கோப்புகளில் கலந்ததும் சட்டத்துக்கு முரணானவை என அது உறுதிசெய்தது. ஆனால், பயனரின் இயல்புநிலைத் தெரிவைச் சில இடங்களில் மீறியமைக்கு மைக்ரோசாப்ட் தொழில்நுட்பக் காரணங்களைக் காட்டியது. வழக்குத் தொடுத்தோர் அவற்றை மறுத்து நிறுவவில்லை. ஆகவே அந்த ஒரு கூறில் பொறுப்பு சுமத்தப்படவில்லை. உலாவிச் சந்தையைக் கைப்பற்ற முயன்றதாகக் கீழ் நீதிமன்றம் கண்ட குற்றமும் நீக்கப்பட்டது. தொழில்நுட்பத் தேவைக்கும் போட்டியாளரை விலக்கும் நோக்கத்துக்கும் இடையே கோடு கிழிப்பது எத்துணைக் கடினமானது என்பதை இத்தீர்ப்பு காட்டுகிறது. பிற்காலச் சர்ச்சைகள் பெரும்பாலும் இக்கோட்டை ஒட்டியே எழுந்தன.

2002 நவம்பரில் நீதிபதி கொலீன் கொல்லர்-கொட்டெல்லி ஏற்ற தீர்வு உடன்பாடு, 1995இன் சிக்கலுக்கு நேரடி விடையாக அமைந்தது. மைக்ரோசாப்டின் உலாவி முதலிய இடைநிலை மென்பொருள்கள் விண்டோஸோடு உறவாடப் பயன்படுத்தும் இடைமுகங்களைப் பிறருக்கும் வெளியிட வேண்டும். புதிய இயங்குதளப் பதிப்பானால், பரவலான சோதனைக் கட்டத்திலேயே உரிய காலத்தில் வெளியிட வேண்டும் என்று அது விதித்தது. பிற உலாவியை இயல்புநிலையாக அமைக்கும் வழியும் பயனர்க்கும் உற்பத்தியாளர்க்கும் உறுதிசெய்யப்பட்டது.

ஆயினும், அதற்குள் நெட்ஸ்கேப் தன் நிலையை இழந்திருந்தது. இதற்கு அதன் சொந்த முடிவுகளும் காரணமாயின. 1998 மார்ச் 31 அன்று மூல நிரலைத் திறந்துவிட்ட பின்னர், பழைய நிரலைக் கைவிட்டுப் புதிதாக எழுதும் பணி நீண்டது. நெட்ஸ்கேப் 6 வெளியாகும்போது 2000 நவம்பர் ஆகியிருந்தது. நிறுவனத்தை அமெரிக்கா ஆன்லைன் 1999இலேயே வாங்கிவிட்டது. திறந்த மூல நிரலிலிருந்து பிறந்த மொசில்லா திட்டமே 2004 நவம்பர் 9 அன்று பயர்பாக்ஸ் 1.0ஐ வெளியிட்டது.

3. தமிழ்ப் பக்கங்களில் இதன் தாக்கம்

இயங்குதளத்தின்மேல் உலாவிக்குள்ள சார்பு தமிழ் வாசகரையும் நேரடியாகத் தொட்டது. விண்டோஸ் 95, 98 ஆகியவற்றில் ஒருங்குறித் தமிழை வடிவமைக்கும் வசதி இயல்பாக இல்லை. திஸ்கி, தாப், தாம் முதலிய எட்டுத்துண்டுக் குறியேற்றங்களில் அமைந்த எழுத்துருக்களே வழங்கின. 1997இல் வந்த இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 4, பக்கத்தோடு எழுத்துருவையும் தானே இறக்கிக்கொள்ளும் மைக்ரோசாப்டின் வடிவம் ஒன்றை ஆதரித்தது. தமிழ்த் தளங்கள் பலவும் அதனைக் கைக்கொண்டன. அவ்வடிவத்தைப் பயர்பாக்ஸ் ஏற்கவில்லை. எனவே, அதே கணினியில் அதே பக்கம் ஓர் உலாவியில் தமிழாகவும் மற்றொன்றில் பொருளற்ற உரோமன் குறிகளாகவும் தெரிந்தது. இத்தகைய பக்கங்களை ஒருங்குறிக்கு மாற்றிக் காட்டப் பத்மா என்னும் பயர்பாக்ஸ் நீட்சி உருவாக்கப்பட்டது.

2000 பிப்ரவரியில் வெளியான விண்டோஸ் 2000, லதா எழுத்துருவோடும் இந்திய மொழி எழுத்துகளை வடிவமைக்கும் பொறியோடும் வந்தது. கொம்பை மெய்யின் முன்னே நகர்த்தி நிறுத்துவது இப்பொறியின் பணி. இருந்தும், வரிகளின் இரு ஓரங்களும் சீராக அமையுமாறு நிரப்பப்பட்ட பக்கங்களில், பயர்பாக்ஸின் தொடக்கப் பதிப்புகள் கொம்பையும் காலையும் எழுத்திலிருந்து பிரித்துக் காட்டின. இங்குக் குறை இயங்குதளத்தினுடையது அன்று. அதன் பொறியை உலாவி பயன்படுத்திய முறையினது. 2008 ஜூனில் வந்த பயர்பாக்ஸ் 3 இதனைச் சரிசெய்தது. பின்னாளில் ஹார்ஃபஸ் என்னும் திறந்த மூல வடிவமைப்புப் பொறியைப் பயர்பாக்ஸ் தன்னுள்ளேயே கொண்டது. இணைய எழுத்துருக்களுக்கும் எல்லா உலாவிகளும் ஏற்கும் பொதுத் தரம் உருவாகி, 2012 டிசம்பரில் உலகளாவிய வலைச் சேர்த்தியத்தின் பரிந்துரையாயிற்று. ஓர் உலாவி தனக்கு வேண்டிய கருவியைத் தானே சுமக்கும்போதும், தரம் பொதுவுடைமையாகும்போதும் இயங்குதளச் சார்பு குறைகிறது என்பதற்குத் தமிழ் எழுத்துரு வரலாறு தெளிவான சான்று.

4. விண்டோஸ் 8: இடத்தின் எல்லை

2002ஆம் ஆண்டின் தீர்வு உடன்பாடு 2011 மே மாதத்தில் காலாவதியானது. 2012 அக்டோபர் 26 அன்று விண்டோஸ் 8 வெளியாயிற்று. தொடுதிரைக்கென வடிவமைக்கப்பட்ட, முழுத்திரையில் இயங்கும் புதிய இடைமுகத்தை அது அறிமுகப்படுத்தியது. அங்கு இயங்கும் செயலிகள் வரையறுக்கப்பட்ட காப்பறைக்குள் அடக்கப்பட்டன. தற்கால உலாவிகள் ஜாவாஸ்கிரிப்ட் நிரலை இயக்க வேளையிலேயே எந்திர மொழிக்கு மாற்றுகின்றன. பல செயல்முறைகளாகப் பிரிந்தும் இயங்குகின்றன. காப்பறையின் விதிகள் இவற்றுக்கு இடந்தரவில்லை.

ஆகவே உலாவிகளுக்கென மைக்ரோசாப்ட் தனி வகையொன்றை வகுத்தது. அவ்வகை உலாவி வழக்கமான விண்டோஸ் இடைமுகங்களை முழுமையாகப் பயன்படுத்தலாம். ஆனால், பயனர் அதனை இயல்புநிலை உலாவியாகத் தேர்ந்திருந்தால் மட்டுமே புதிய இடைமுகத்தில் அது தோன்றும். ஆர்ம் சில்லுகளுக்கான விண்டோஸ் ஆர்டி பதிப்பில் இவ்வாய்ப்பும் இல்லை. அங்கு இன்டர்நெட் எக்ஸ்புளோரருக்கு மட்டும் கிட்டிய அணுகல் பிற உலாவிகளுக்கு மறுக்கப்படுவதை மொசில்லாவின் தலைமைச் சட்ட ஆலோசகர் ஹார்வி ஆண்டர்சன் 2012 மே மாதம் பொதுவெளியில் எதிர்த்தார்.

மொசில்லா புதிய இடைமுகத்துக்கான பயர்பாக்ஸை உருவாக்கும் பணியில் ஏறத்தாழ ஈராண்டுகள் ஈடுபட்டது. 2014 மார்ச்சில் அது பயர்பாக்ஸ் 28உடன் வெளியாகவிருந்தது. வெளியீட்டுக்குச் சில நாள் முன்னர், மார்ச் 14 அன்று, அப்பணி நிறுத்தப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. கணினித்திரைப் பதிப்பின் முன்வெளியீடுகளை நாள்தோறும் இலட்சக்கணக்கானோர் சோதித்து வந்த நிலையில், இப்பதிப்பை எந்நாளிலும் ஆயிரவர்க்கு மேல் பயன்படுத்தவில்லை என்று மொசில்லாவின் துணைத் தலைவர் ஜோனத்தன் நைட்டிங்கேல் விளக்கினார். போதிய சோதனையின்றி வெளியிட்டால் பிழைகள் மிகும் என்பதே நிறுத்தத்துக்குச் சொல்லப்பட்ட காரணம்.

இதனை மைக்ரோசாப்டின் நிபந்தனைகளின் விளைவு என்று மட்டும் கொள்வது பொருந்தாது. புதிய இடைமுகத்தையே பயனர்கள் விரும்பி ஏற்கவில்லை. அதே வேளையில், இயல்புநிலையாக அமைத்த பின்னரே இயங்கிப் பார்க்க இயலும் என்ற விதி, சோதனையாளரின் எண்ணிக்கையைக் குறைக்கும் தன்மையுடையது. இயங்குதள உரிமையாளர் தவறான திசையில் சென்றாலும் அவரைப் பின்தொடர வேண்டிய நிலை மாற்று உலாவிக்கு உண்டு. அத்தவற்றின் செலவில் ஒரு பங்கு அதனையும் சேர்கிறது.

5. விண்டோஸ் 10, 11: தெரிவின் காவல்

உலாவியைத் தேர்வது பயனரின் உரிமை என்பதை ஐரோப்பிய ஆணையம் முன்னரே வலியுறுத்தியிருந்தது. ஓபரா நிறுவனத்தின் முறையீட்டைத் தொடர்ந்து, உலாவித் தெரிவுத் திரையொன்றைக் காட்ட 2009 டிசம்பரில் மைக்ரோசாப்ட் இசைந்தது. விண்டோஸ் 7இன் திருத்தப் பதிப்பொன்றில் அத்திரை விடுபட்டுப்போனது. ஓராண்டுக்கு மேல் அது கவனிக்கப்படவில்லை. இதற்காக 2013 மார்ச் 6 அன்று 56.1 கோடி யூரோ அபராதம் விதிக்கப்பட்டது. புதிய பதிப்பு ஒன்று வெளிவரும்போது பழைய உறுதிமொழியும் அதனோடு புதுப்பிக்கப்பட வேண்டும் என்பதை இந்நிகழ்வு உணர்த்தியது.

2015 ஜூலை 29 அன்று விண்டோஸ் 10 வெளியானபோது, பழைய பதிப்பிலிருந்து மேம்படுத்திய பயனர்கள் விரைவு அமைப்பை ஏற்றால், அவர்கள் முன்னர்த் தேர்ந்திருந்த உலாவிக்குப் பதிலாக எட்ஜ் இயல்புநிலையாயிற்று. மறுநாளே மொசில்லாவின் தலைமைச் செயல் அலுவலர் கிறிஸ் பியர்டு, மைக்ரோசாப்டின் சத்யா நாதெல்லாவுக்குத் திறந்த மடல் எழுதினார். இங்குப் பயர்பாக்ஸ் விண்டோஸ் 10இல் இயங்கவில்லை என்ற முறையீடு எழவில்லை. அது நன்றாகவே இயங்கியது. பயனர் அதனைத் தேர்ந்திருந்தார் என்ற செய்தியே அழிந்தது.

மென்பொருள் ஒன்று தன்னைத் தானே இயல்புநிலையாக அமைத்துக்கொள்ளும் பழைய வழியை விண்டோஸ் 8 முதலே மைக்ரோசாப்ட் அடைத்திருந்தது. பயனரின் தெரிவு பதிவேட்டில் ஒரு சரிபார்ப்புக் குறியோடு சேமிக்கப்பட்டது. அக்குறியின்றி வரும் மாற்றம் ஏற்கப்படாது. தீநிரல்கள் உலாவித் தெரிவைக் கவர்ந்துகொள்வது அக்காலத்தில் பரவலாக இருந்தமையால், இக்காவலுக்கு நியாயமான காரணம் உண்டு. ஆனால், எட்ஜ் உலாவியிலிருந்து ஒரே சொடுக்கில் மாற்றம் நிகழ்ந்தது. பிற உலாவிகளோ பயனரை அமைப்புப் பக்கத்துக்கு அனுப்புவதோடு நிற்க வேண்டியிருந்தது. 2021 அக்டோபர் 5 அன்று வெளியான விண்டோஸ் 11, எச்.டி.டி.பி., எச்.டி.டி.பி.எஸ்., எச்.டி.எம்.எல். என ஒவ்வொரு வகைக்கும் தனித்தனியே உலாவியைத் தேரும்படி அமைத்தது.

இதற்கு மொசில்லாவின் மறுவினை குறிப்பிடத்தக்கது. சரிபார்ப்புக் குறி உருவாகும் முறையை அது பின்னோக்கிப் பகுத்தறிந்து, 2021 ஆகஸ்டில் வெளியான பயர்பாக்ஸ் 91இல் ஒரே சொடுக்கில் இயல்புநிலையாகும் வசதியைச் சேர்த்தது. 2022 மார்ச்சில் மைக்ரோசாப்டும் விண்டோஸ் 11இன் அமைப்புப் பக்கத்தில் ஒரே பொத்தானால் உலாவியை மாற்றும் வசதியைத் தந்தது.

முடிவுரை

மேற்கண்ட நிகழ்வுகளை ஒருங்கே நோக்கும்போது மூன்று கட்டங்கள் புலப்படுகின்றன. 1995இல் சிக்கல் இடைமுக அறிவைப் பற்றியது. அறிவு தாமதமாக வந்தமையால் உலாவி தாமதமாயிற்று. 2012இல் சிக்கல் இயங்கும் இடத்தைப் பற்றியது. இடைமுகங்கள் வெளிப்படையாக இருந்தும் நுழைவுக்கு நிபந்தனை இருந்தது. 2015க்குப் பின் சிக்கல் தெரிவைப் பற்றியது. உலாவி தடையின்றி இயங்கியும், பயனர் தேர்ந்த நிலை நிலைக்கவில்லை.

ஒவ்வொரு கட்டத்திலும் கண்ட தீர்வு முந்தைய கட்டத்தின் சிக்கலுக்கே பொருந்தியது. இடைமுகங்களை வெளியிடச் செய்த 2002ஆம் ஆண்டு உடன்பாடு, அச்சிக்கலால் நலிந்த நெட்ஸ்கேப்பைக் காக்க ஏழு ஆண்டுகள் தாமதமாக வந்தது. காப்பறையும் சரிபார்ப்புக் குறியும் வந்த காலத்தில் அது நடைமுறையில் இல்லை. பாதுகாப்பு, சீரான பயன்பாடு ஆகிய காரணங்கள் பல நேரங்களில் உண்மையானவை என்பதால், ஒரு மாற்றத்தின் நோக்கத்தைக் கொண்டு அதனை அளப்பது எளிதன்று. அதே வாயில் உரிமையாளரின் உலாவிக்கு எவ்வளவு திறந்திருக்கிறது, பிறருக்கு எவ்வளவு, எந்நாளிலிருந்து என்ற ஒப்பீடே உறுதியான அளவுகோலாகிறது. 1995இன் தொலைபேசி இணைப்பு இடைமுகத்துக்கும் 2021இன் ஒற்றைச் சொடுக்குக்கும் இவ்வளவுகோல் ஒருங்கே பொருந்துகிறது. கணினி, செல்பேசி முதலியவற்றில் வரும் புதிய இயங்குதளங்களை ஆராய்வோர்க்கும் இது பயன்படும்.